தராசு கீரைக் கடையில் இருக்கும்

போன வாரம் சந்தையிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே சூபர்வைசராக இருக்கிற சரவணன் பேசினார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர். எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிறவர், அதனால் எனக்குப் பிடிக்கும்.

"சார், எல்லாக் கடைக்கும் எலக்ட்ரானிக் தராசு வந்திருக்குது. பழசையெல்லாம் ஏலத்துக்கு அனுப்பலாம்னு ஸ்டோரைத் தொறந்தேன். ஒரு அலமாரி நெறைய கைத்தராசு கெடக்குது சார். ஒண்ணுலகூட சமீபத்துல காய் பட்ட தடம் இல்ல. ஆனா வருஷா வருஷம் முத்திரை மட்டும் போட்டு வச்சிருக்காங்க. எடுத்துப் பொழங்காத தராசுக்கு எதுக்கு சார் முத்திரை?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னா, ரிட்டயர் ஆனவருக்கு புரமோஷன் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "அதுக்கும் மேல" என்றேன். சரவணனிடம், "இத போன்ல சொன்னா வெளங்காது. ஞாயித்துக்கிழமை வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு நிற்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி அன்றைக்கு எழுதியது, மீதி ஞாயிற்றுக்கிழமை போய் வந்து எழுதியது.

நான் சந்தைக்கு வந்த கதை பெரிதில்லை. அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று, படிப்பு முடிந்ததும் முடியாததுமாக வேளாண்மை டிப்போவில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். விதை மூட்டை தூக்கினேன், உர மூட்டைக்குக் காவல் இருந்தேன், ஒருவழியாக நிரந்தரம் ஆனேன். விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்கிற சந்தை ஒன்றை ஊர் ஓரத்தில் திறந்தபோது என்னை அங்கே சூபர்வைசராகப் போட்டார்கள். ரெட்டியார்பாளையத்தில் வீடு, சைக்கிள் மிதித்தால் சந்தை. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அங்கே என் முதல் வேலை விலை எடுப்பது. விடிவதற்குள் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விட வேண்டும். லாரியிலிருந்து மூட்டை இறங்குகிற இடத்தில் நின்று, கமிஷன் மண்டிக்காரர் கத்தரிக்காயை என்ன விலைக்கு எடுக்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நேராகக் கேட்டால் ஒருவரும் நிஜத்தைச் சொல்ல மாட்டார்கள். பிறகு உள்ளே போய், அதே கத்தரிக்காயைக் கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு விலை வைத்து, எங்கள் சந்தை வாசலில் கரும்பலகையில் எழுதுவேன். விளைவித்தவனுக்கு மண்டியைவிடக் கூட, வாங்குகிறவனுக்குக் கடையைவிடக் குறைச்சல். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? தினமும் எழுதிப் பாருங்கள், தினமும் திட்டு வாங்குவீர்கள்.

பலகை எழுதியதும் குலுக்கல். ஒரு தகர டப்பாவில் எண் போட்ட பித்தளை வில்லைகள் இருக்கும். விவசாயிகள் வரிசையாக வந்து ஒன்று எடுப்பார்கள். வந்த எண்தான் அன்றைக்குக் கடை. நல்ல இடம், கெட்ட இடம் என்று யாருக்கும் நிரந்தரம் கிடையாது. அதற்குப் பிறகு தராசும் எடைக்கல்லும் கொடுப்போம். வீட்டிலிருந்து கொண்டுவரும் தராசு கூடாது. எடை அளவுத் துறையின் முத்திரை விழுந்த சந்தைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். விற்று முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாடெல்லாம் எங்கள் நிர்வாக அலுவலர் ஸ்டெல்லா மேடம் வகுத்தது. குள்ளமான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, வெயில் மழை இரண்டுக்கும் ஒரே கறுப்புக் குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மூட்டை தூக்குகிறவரிலிருந்து செக்ரட்டேரியட்டிலிருந்து வருகிறவர் வரைக்கும் ஒரே "ஐயா", ஒரே "அம்மா". அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது குறை சொல்லி வந்தால் முழுக்கக் கேட்பார். பிறகு அதையே, வந்தவர் சொன்ன வார்த்தையிலேயே, திருப்பிச் சொல்வார். "அப்படித்தானே ஐயா?" என்பார். வந்தவர் "ஆமாம் மேடம்" என்று தலையாட்டுவார். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மேடம் போடுகிற உத்தரவு, வந்தவர் வாயிலிருந்து வந்த பேச்சிலிருந்தே கிளம்பும். அதை மறுக்க வேண்டுமானால் அவர் தன்னையேதான் மறுக்க வேண்டும். எத்தனையோ பெரிய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சாமர்த்தியத்தை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அலமாரித் தராசு கதைக்கு வருகிறேன். அது கன்னியம்மாவின் கதை.

கன்னியம்மா அரியாங்குப்பத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக் காலனியைச் சேர்ந்தவர். புருஷன் இல்லை. ஒரே மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கீரை போட்டிருந்த நிலம் பிரான்சில் இருக்கிற ஒருவருடையது. அவருடைய உறவுக்காரர் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விட்டிருந்தார். கடல் பக்கம் என்பதால் போர்த் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் உப்பேறி, நெல் அங்கே வராமல் போய்விட்டது. சுற்றிலும் எல்லாரும் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். கன்னியம்மா மட்டும் குப்பையும் எருவுமாகக் கொட்டி அந்த மண்ணைத் தேற்றி, தண்டுக்கீரையும் சிறுகீரையும் எடுத்துக்கொண்டிருந்தார். குத்தகை ஒரு தவணை தவறினாலும் நிலம் மனையாகிவிடும் என்று உறவுக்காரர் சொல்லி வைத்திருந்தார்.

கீரையைப் பெரிய மார்க்கெட் மண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் கட்டுகளை இறக்கிவிட்டு வந்துவிட வேண்டும், விற்று முடிந்த பிறகுதான் விலையையே சொல்வார்கள். அதில் குத்தகைக்கும் தேறாது, மகள் படிப்புக்கும் தேறாது. அதனால் எங்கள் சந்தையில் அடையாள அட்டை கேட்டு வந்தார்.

அட்டைக்குப் பட்டா நகல் வேண்டும். இவரிடம் ஏது பட்டா? நான் உதட்டைப் பிதுக்கினேன். மேடம் கையேட்டை எடுத்துப் புரட்டினார்.

"விவசாயிக்கு அட்டைன்னு போட்டிருக்குது தண்டபாணி. பட்டாவ எதுக்குக் கேக்கறோம்? அவங்கதான் பயிர் வக்கிறாங்களான்னு தெரிஞ்சுக்க. அத நேர்ல போயிப் பாத்துட்டா?"

மறுநாள் போனோம். வரப்பு ஈரமாக இருந்தது. மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். பாத்தி பாத்தியாக நின்று கேட்டார். எப்போது விதைத்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இலையில் ஓட்டை விழுந்தால் என்ன தெளிப்பது. கடைசியில், "ஒரு கட்டு அறுத்துக் கட்டிக் குடுங்கம்மா" என்றார். கன்னியம்மா அறுத்து, வேரை உதறி, வாழைநாரால் ஒரு சுற்று சுற்றிக் கொடுத்தார். மேடம் அதற்குக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். பிறகு அவர் வீட்டு வாசலில் நின்று, "தாகமா இருக்குது, ஒரு சொம்புத் தண்ணி குடுங்க" என்று வாங்கிக் குடித்தார். மிச்சத்தை என் பக்கம் நீட்டினார். நானும் குடித்தேன். உப்புக் கரித்தது. பார்க்க வேண்டிய சிலர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டை கிடைத்தது. முதல் வாரம் கீரை நன்றாகப் போனது. விலை கைக்கு எட்டுகிற மாதிரி இருந்ததால், மூடுகிற நேரமாகப் பார்த்து வருகிற மில் குடும்பத்துப் பெண்கள் நேராகக் கன்னியம்மாவிடம்தான் போவார்கள். காய் வாங்க முடியாத நாளிலும் ஒரு கட்டுக் கீரை வாங்கி ஒரு வேளையை ஓட்டிவிடலாம். அந்தக் கஷ்டம் எங்கள் வீட்டில் பார்த்ததுதான், எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. கன்னியம்மாவுக்குப் பக்கத்துக் கடை வில்லையை எடுத்தவர், அதே கிராமத்து ஆள், வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒடம்பு சரியில்ல, போறேன்" என்றார். மறுநாள் இன்னொருவருக்குத் திடீரென்று வீட்டில் விசேஷம். அதற்கு மறுநாள் ஒருவருக்கு வண்டி பஞ்சர். கொண்டுவந்த காயை அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டு போகிறார்கள்! பக்கத்துக் கடை மட்டும் தினமும் காலி. யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொன்னால்தானே நாம் திருப்பிக் கேட்க முடியும்.

அந்த வார முடிவில் விவசாயிகள் கமிட்டி சார்பில் ராமலிங்கம் வந்தார். அவரும் அதே கிராமம்தான், ஊர்ப் பக்கம். சொந்த நிலம், சொந்தக் கிணறு. அவர் கத்தரிக்காய் மாதிரி இன்னொருவர் கத்தரிக்காய் இருக்காது. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். சந்தை தொடங்கியபோது ஊர் ஊராகப் போய் விவசாயிகளை அழைத்து வந்தவரே அவர்தான். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் மனுஷர் இறுகிப் போயிருந்தார்.

"மேடம், கீரைத் தண்ணி சொட்டி வரிசையெல்லாம் சேறாவுது. கீரைக்குன்னு தனியா கக்கூஸ் பக்கத்துல ஒரு எடம் ஒதுக்கிடுங்க. இல்லன்னா ஒண்ணு செய்யலாம். அந்தப் பொம்பளைக்கு குப்பை அள்ற காண்ட்ராக்ட்ட குடுத்துடுங்க. மாசமானா பணம் வரும், அதுக்கும் நல்லது."

எனக்கு "யோவ்" என்று வாய் வரை வந்துவிட்டது. மேடம் கையைக் கொஞ்சம் உயர்த்தினார், அடங்கினேன். கன்னியம்மா வாசலிலேயே நின்றிருந்தார், எல்லாம் அவர் காதில் விழுந்தது. மேடம் அவரைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"குப்பை எனக்கு வேணும்தான் மேடம். எருவுக்கு. கீரைய வித்துட்டு, போறப்ப எடுத்துக்கினு போறேன்" என்றார் கன்னியம்மா. அந்தக் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

ராமலிங்கம் போன பிறகு நான் வெடித்தேன். போலீசில் சொல்லலாம், கலெக்டரிடம் போகலாம், எழுந்து போகிறவர்களின் அட்டையைப் பிடுங்கலாம் என்று அடுக்கினேன். மேடம் டீயைக் குடித்து முடித்தார்.

"போலீசு வந்தா அவங்க பக்கத்துல ஒக்காருவாங்களா? சந்தைய விட்டே போவாங்க. அப்பறம் கன்னியம்மா யாரோட ஒக்காந்து விப்பாங்க?" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "தராசுக்கெல்லாம் முத்திரை எப்ப போடணும்?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குது மேடம்."

"முன்னாடியே போட்டா தப்புன்னு ரூல் இருக்கா?"

"இல்ல."

"அப்ப பாதித் தராச நாளைக்கே அனுப்பிடுங்க."

சத்தியமாக எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னதைச் செய்தேன். மறுநாள் காலை குலுக்கலுக்கு முன்னால் மேடமே வந்து அறிவித்தார். பாதித் தராசு முத்திரைக்குப் போயிருக்கிறது, அதனால் பக்கத்துப் பக்கத்துக் கடை இரண்டுக்கும் சேர்த்து ஒரு தராசுதான் என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு. ராமலிங்கம் முன்னால் வந்தார்.

"அதெப்படி மேடம் முடியும்? ஒருத்தனே தராச வச்சுக்கினு இன்னொருத்தனுக்குக் குடுக்க மாட்டான். சண்டைதான் வரும்."

"ஒருத்தரே வச்சுக்குவாங்க. சண்டைதான் வரும். அப்படித்தானே ஐயா?"

"ஆமா மேடம்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. முகத்தில் சிரிப்பு தெரியக் கூடாது என்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப ஒண்ணு செய்யலாம். தராசு தேவைப்படாதவங்ககிட்ட இருந்தா சண்டை வராது. எண்ணி விக்கிறவங்க இருக்காங்கல்ல? கீரை, வாழையிலை, எளநீரு. அவங்க கடையில தராசு இருக்கும். நிறுத்து விக்கிறவங்க பக்கத்துக் கடையில கேட்டு வாங்கிக்குங்க."

ராமலிங்கத்தின் வாயிலிருந்தே கிளம்பிய உத்தரவு.

குலுக்கல் நடந்தது. கன்னியம்மா எடுத்தார். கொஞ்சம் தள்ளி ராமலிங்கம் எடுத்தார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண். நான்தான் வில்லையை மாற்றி வைத்தேன் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன், நான் டப்பாவைத் தொடவே இல்லை. ராமலிங்கம் வில்லையையே பார்த்துக்கொண்டு நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கமிட்டித் தலைவர், அத்தனை பேர் பார்க்கிறார்கள், வண்டி நிறையக் கத்தரிக்காய். உட்கார்ந்தார்.

கன்னியம்மா சாக்கை விரித்து, ஒரு பக்கம் கீரைக் கட்டுகளையும் இன்னொரு பக்கம் தராசையும் வைத்தார். எடைக்கற்களைச் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் வரிசையாக வைத்தார். ராமலிங்கத்திடம் முதல் ஆள் வந்து கத்தரிக்காயைப் பொறுக்கினார். "தராசு அங்க இருக்குது பாருங்க, எடுத்துத் தாங்க" என்றார் ராமலிங்கம். வந்தவர் எடுத்துக் கொடுத்தார், நிறுத்து முடிந்ததும் அவரே திருப்பி வைத்தார். இரண்டாவது ஆளும் அப்படியே. இந்த மனுஷர் இப்படியே நாளை ஓட்டிவிடுவார் போலிருக்கிறதே என்று எனக்குக் கவலை வந்தது.

அப்போது மதாம் வந்தார். பெயர் தெரியாது, எல்லாரும் பிரெஞ்சு முறையில் மதாம் என்றுதான் சொல்வோம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்தப் பென்ஷனில் இருக்கிற அம்மா. கவுனும் கூடையுமாக வருவார், காயை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். அவரிடமும் ராமலிங்கம் அதையே சொன்னார். மதாம் கூடையைக் கீழே வைத்தார்.

"என்னா முசியே, கை நீட்டினா எட்டற தூரத்துல இருக்குது. அத எடுத்துக் குடுக்க நான் என்ன ஒம்ம வேலைக்காரியா?"

"இல்ல மதாம், வந்து..."

"என்னா வந்து, போயி? கையில சுளுக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ராமலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "தண்டபாணி! அந்தத் தராச எடுத்துத் தா" என்று என்னிடம் கத்தினார். நான் மேடத்தைப் பார்த்தேன். ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேடம் தலையை நிமிர்த்தவில்லை. "சூபர்வைசரு பலகை எழுதிக்கினு இருக்காரு ஐயா" என்றார். நான் ஏற்கெனவே எழுதி முடித்த பலகையை அழித்து, மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

கூட்டம் சேர்ந்தது. வெயில் ஏறியது. கத்தரிக்காய் வாடினால் விலை போச்சு. பொறுக்கி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர் போட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். கன்னியம்மா தராசை எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. தலையைக் குனியவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் அதைக் கேட்டேன். "கேட்டா குடுக்கப் போறேன். கேக்காம எப்பிடி சார் நீட்டறது? அப்பிடி நீட்டி நீட்டித்தானே இந்தக் கதி?" என்றார்.

ராமலிங்கம் கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டே, "தராச குடு" என்றார்.

கன்னியம்மா அசையவில்லை.

"தராச குடும்மா."

கொடுத்தார். அவசரத்தில் சங்கிலி முறுக்கிக்கொண்டது. ஒருவர் கோலைப் பிடிக்க இன்னொருவர் தட்டைப் பிடித்துத்தான் அதைப் பிரிக்க முடிந்தது. பிரித்தார்கள். மதாமுக்குக் கத்தரிக்காய் நிறுத்தாயிற்று. நான் எழுதிக்கொண்டிருந்த பலகையில் வெண்டைக்காய் இரண்டு தடவை விழுந்திருந்தது.

பாதி நாள் போனதும் இன்னொன்று நடந்தது. கூட்டம் நெருக்கியதில் ராமலிங்கத்தால் காயை அள்ளவும், நிறுக்கவும், காசு வாங்கவும் முடியவில்லை. அன்றைக்கு மகனும் துணைக்கு வரவில்லை. சாமான் வாங்கிவிட்டும் போகாமல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மதாம்தான் சொன்னார்.

"அந்த அம்மாவே நிறுத்துப் போடட்டுமே. அவங்களுக்கு இதுல லாபமும் கெடையாது, நஷ்டமும் கெடையாது. முள்ளு நேரா நிக்கும்."

வாங்க வந்தவர்களெல்லாம் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். ராமலிங்கம் காயை அள்ளித் தட்டில் போட, கன்னியம்மா கோலைத் தூக்கி நிறுத்தார். அன்றைக்கு அவர் கத்தரிக்காய் மற்ற நாளைவிட முன்னாலேயே தீர்ந்துபோனது. கீரையும் தீர்ந்தது. போகும்போது கன்னியம்மா சொன்னபடியே குப்பையைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார், தன் கடைக் குப்பையை மட்டும். மறுநாள் முதல் அவரவர் குப்பையை அவரவர் எடுத்துப்போய் எருவாக்க வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லிவிட மாட்டேன். சில குடும்பங்கள் சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டன. மேடத்துக்கு மொட்டைக் கடிதங்கள் போயின, மேலிடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "ஸ்டாக் பராமரிப்பு" என்று ஒரே பதில் சொல்லிவிட்டு வந்தார். முத்திரைக்குப் போன தராசுகள் சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டன. அவற்றை வெளியே எடுக்கப் போனேன்.

"வேணாம் தண்டபாணி. எண்ணெ தடவி அலமாரியில வச்சுப் பூட்டுங்க. ஒடைஞ்சா மாத்தறதுக்கு ஆவும். வருஷா வருஷம் முத்திரை மட்டும் தவறக் கூடாது" என்றார். யாராவது கேட்டால் மறைக்கவும் மாட்டார். "வந்துடுச்சு ஐயா. இப்பிடியே நல்லாத்தானே ஓடுது?" என்பார். ஓடவும் செய்தது. வாங்க வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. "தராசு யாருகிட்ட?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். தன் சரக்கு இல்லாதவர் நிறுத்தால் வாங்குகிறவருக்கு ஒரு நம்பிக்கை. கீரைக்குத் தனி இடம் கேட்ட கமிட்டியின் பேச்சும் தானாகவே காற்றில் போயிற்று.

கன்னியம்மாவின் நிலம் இன்னும் கீரை நிலமாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் மாடி வீடுகள், நடுவில் பச்சையாக அது ஒன்று. மகள் நர்ஸ் ஆகிவிட்டாள். ஸ்டெல்லா மேடத்தைத் தூக்கி வேறு துறையில் போட்டார்கள், அங்கேயே ஓய்வும் பெற்றார். பிரிவு உபசாரத்தில் என்னைப் பேசச் சொன்னபோது மாலையை மட்டும் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல நினைத்தது இதுதான்: சட்டப் புத்தகத்தை எத்தனையோ பேர் சுவராக வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், இந்த அம்மாதான் அதைக் கதவாக வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். இப்போது வயதானவர்களுக்குக் குலுக்கல் கிடையாது, வாசல் பக்கம் நிரந்தர இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ராமலிங்கமும் கன்னியம்மாவும் தினமும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். ராமலிங்கத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் மனசு மாறிவிட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார், கன்னியம்மாவைக் கூப்பிடவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

சரவணன் கடை கடையாகப் புது மிஷினைக் கொடுத்துக்கொண்டு வந்தார். கன்னியம்மாவிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு சார் மிஷினு? நான் கட்டுக் கட்டி விக்கிறவ. எண்ணத் தெரிஞ்சா போதும்" என்றார் கன்னியம்மா.

சரவணன் அதை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்து ராமலிங்கம். அவருக்கு ஒரு மிஷினை முன்னால் வைத்தார். ராமலிங்கம் அதை இரண்டு கையாலும் தள்ளினார்.

"இங்க வேணாம் சார். அவங்ககிட்ட குடுங்க."

"அவங்களுக்கு வேணாமாம் ஐயா. இப்பத்தான சொன்னாங்க. உங்களுக்குத்தான் வேணும்."

"எனக்குத்தான் வேணும். அதனாலதான் அவங்ககிட்ட குடுங்கன்றேன். நான் நிறுத்தா எவன் வாங்குவான்?"

சரவணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மிஷின் கன்னியம்மாவின் சாக்குக்குப் போனது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எங்க அமுக்கணும்?" என்று அவர் கேட்க, ராமலிங்கம் எட்டி விரலால் காட்டினார்.

"சார், அப்ப மிச்சமான இன்னொரு மிஷின என்ன பண்றது?" என்று சரவணன் என் காதோடு கேட்டார்.

"ஸ்டோர்ல வச்சுப் பூட்டுங்க" என்றேன். "வருஷா வருஷம் முத்திரை மட்டும் தவறக் கூடாது."